இறங்கத் தெரிந்த ஜீப்

சேர்வராயன் மலையின் பழைய ஜீப்புகளை வீட்டு வாசலிலேயே காப்பாற்றுவது எப்படி? எதை முதலில் மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது?

பழைய ஜீப் வாங்கியதும் பலரும் முதலில் பணம் போடுவது அகல டயரில். அடுத்து முன்பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி, கூரையில் வரிசையாக விளக்குகள். சமவெளியில் இதனால் பர்ஸ் மட்டும்தான் இளைக்கும். கரடியூரில் அப்படி விட்டுவிட முடியாது. காபித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் மலை சட்டென்று சரிந்து பள்ளத்தாக்கைப் பார்க்கிற ஊர் அது. ஏற்காடு தாலுகாவின் மற்ற மலைக் கிராமங்களும் இப்படித்தான். ஏற்றத்தில் வண்டியின் பலம் தெரியும். அதன் குணம் தெரிவது இறக்கத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டரை ஒட்டி. ஆளும் மூட்டையுமாக 1,500 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுமார் 1,200 மீட்டர் இறங்கும்போது 17 மெகாஜூலுக்கு மேல் ஆற்றலை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், காற்றும் உருளும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சம் முழுவதும் நான்கு சிறிய பிரேக் டிரம்களின் தலையில் விழும்.

மலையில் பழைய வண்டியை மேம்படுத்துவதற்கு இந்தக் கணக்கே வரிசை போட்டுக் கொடுத்துவிடுகிறது: முதலில் நிற்க வேண்டும், அடுத்து திரும்ப வேண்டும், மூன்றாவதாக வழி தெரிய வேண்டும், அதற்குப் பிறகு இழுக்க வேண்டும், அழகு கடைசியில். இந்த வரிசையைக் கலைக்காதவரை, 40 வயது ஜீப்பையும் நம்பிக் குழந்தைகளை ஏற்றலாம்.

மலைக்கு வந்த வண்டி

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் நெடுங்காலம் தோட்டத்து மூட்டைகள் ஆள் தலையிலும் விலங்குகளின் முதுகிலும் நகர்ந்தன. இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய ‘எம்பி’ ஜீப், போர் முடிந்ததும் உபரிச் சரக்காக உலகமெங்கும் விற்கப்பட்டது. பாதை என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லாத இடங்களில் ஓடிய வண்டி, தோட்டக்காரர்களின் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

1945-ல் லூதியானாவில் ‘மஹிந்திரா அண்ட் முகமது’ என்ற பெயரில் ஒரு இரும்பு வணிக நிறுவனம் தொடங்கியது. பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் நிறுவனம் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ ஆயிற்று. வில்லிஸ் ஜீப்புகளின் பாகங்களை வரவழைத்துப் பூட்டி விற்றவர்கள், பிறகு உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தார்கள். நம் ஊரில் ‘ஜீப்’ என்றதும் மனதில் வரும் அந்த உயர்ந்த பானெட் உருவம், சிஜே 3பி. அதன் 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் உள்வாங்கும் வால்வுகள் தலைப்பகுதிக்கு மாறியதால் இன்ஜின் உயரமானது. இன்ஜினை மூட பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் 1968-ல் இந்த மாடல் நின்றுவிட்டது. இந்தியாவில் அதன் வம்சம் டீசல் இன்ஜினோடு எம்எம் 540, எம்எம் 550, மேஜர், கமாண்டர் என்று நீண்டு, 2010-ல் வந்த முதல் தார் வரை தொடர்ந்தது. இன்னொரு பக்கம் 1985-ல் 970 சிசி இன்ஜினோடு மாருதி ஜிப்ஸி வந்தது, 1996-ல் 1.3 லிட்டர் ஆனது. இந்த நீண்ட வம்சாவளியால் இன்றைய சொந்தக்காரருக்கு ஒரு லாபம் உண்டு. ஒரு மாடலின் பாகம் கிடைக்காவிட்டால், அண்ணனுடையதோ தம்பியுடையதோ பல நேரம் பொருந்தும். தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கரடுமுரடான பாதையில் தினமும் பயணிகளை ஏற்றிச் செல்லும் மஹிந்திரா ஜீப்புகள் ஓடிக்கொண்டே இருப்பதற்கும் இதில் பங்கு உண்டு.

வாசலில் ஒரு பட்டறை

போர்க்களத்தில் சிப்பாயே கழற்றிப் பூட்டும்படி வடிவமைக்கப்பட்ட வண்டி இது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. நல்ல ரிங் ஸ்பேனர் செட், கிரீஸ் கன், மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச், இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, வண்டியின் சர்வீஸ் மேனுவல் இருந்தால் முக்கால்வாசி வேலையை வாசலிலேயே முடிக்கலாம்.

வண்டிக்கு அடியில் படுக்கும் முன் ஒன்றை மனதில் பதிக்க வேண்டும். பழைய சிஜே வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதில்லை. விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் மறு சக்கரத்தை உருளவிடும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்ந்துவிடும். அதனால் தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். மலை வீட்டு வாசல் எதுவும் முழுச் சமதளமாக இருப்பதில்லை.

வாசல் வேலையில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் கிரீஸ் அடிப்பது. ஷாக்கிள், யூ ஜாயின்ட், டை ராட், ஸ்டீயரிங் பெல் கிராங்க் என்று நிப்பிள் இருக்கும் இடம் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வந்து புதிது தெரியும்வரை அடிக்க வேண்டும். சேற்றிலும் ஓடையிலும் இறங்கிய வண்டிக்கு இதைக் கிலோமீட்டர் பார்த்துச் செய்தால் போதாது. இறங்கிய வாரத்திலேயே செய்துவிட வேண்டும். மழைத் தண்ணீரையும் செம்மண்ணையும் வெளியே தள்ளுவது அந்தப் புது கிரீஸ்தான்.

ஆயிலில் இரண்டு விஷயங்கள். பழைய டி90 கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை இனம். கடையில் கொடுக்கும் ஜிஎல்-5 ஆயிலில் சில வகைகளின் சேர்மானம் அந்த மஞ்சள் உலோகத்தை அரிக்கும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 நல்லது. ஆக்சில் டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 போல அழுத்தம் தாங்கும் ஆயில் வேண்டும். மேனுவல் சொல்வதை ஊற்றுங்கள். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டியிருப்பதால் ஆயில் இங்குமங்கும் இடம் மாறும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது.

ஆக்சில் ஹவுசிங்கின் மேல் சுண்டுவிரல் நுனி அளவில், காற்று போய்வர ஒரு பிரீதர் இருக்கும். பெரும்பாலும் மண் அடைத்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. வண்டி ஓடிச் சூடான ஹவுசிங் ஓடையின் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்குகிறது. பிரீதர் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஏற்றத்தில் சூடாகும்போது அதே சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அந்த ஆயில் போய்ச் சேரும் இடம் பின்சக்கர பிரேக் ஷூ. கால் மணி நேரத்தில் சுத்தம் செய்யக்கூடிய ஒரு துளை, கொண்டை ஊசி வளைவில் பிரேக்கைப் பறிக்கும் கதை இதுதான். டிரெய்ன் போல்ட்டைத் திறக்கும்போது ஆயில் பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஆயிலை மாற்றுங்கள், பிரீதரில் ஒரு ரப்பர் குழாயைச் சேர்த்து பானெட் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். சில நூறு ரூபாயில் முடியும் இந்த மேம்பாடு, பல ஆயிரம் ரூபாய் பளபளப்பைவிட மதிப்புள்ளது.

நிற்க ஒரு செலவு

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட்-3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட்-4 வகைக்கு இவை 230-ம் 155-ம். மூடுபனியும் மழையுமாக ஆண்டில் பல மாதங்கள் நனையும் மலையில், நீண்ட இறக்கத்தில் சூடேறிய டிரம்முக்குள் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்கும், பெடல் தரை தொடும், வண்டி நிற்காது. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், முழு ஆயிலையும் மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, வீட்டில் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஒளி ஊடுருவும் குழாய் வழியாகக் குமிழி தீரும்வரை விட வேண்டும்.

ரப்பர் ஹோஸ்களை வெளித்தோற்றம் பார்த்து நம்பக் கூடாது. பழைய ஹோஸ் உள்ளே வீங்கினால், மிதிக்கும் அழுத்தம் போகும், திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். வயது தெரியாத ஹோஸ்களை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அகற்றுங்கள்.

இவை முடிந்த பிறகுதான் மேம்பாடு. பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று; ஒரு சக்கரத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக அழுத்தம் தரும் இரட்டைச் சுற்று சிலிண்டருக்கு மாறுவதுதான் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய நன்மை. வேக்கம் பூஸ்டர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டீசல் இன்ஜினின் இன்டேக்கில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் கிடைக்காது, அதற்குப் பம்புடன் கூடிய ஆல்டர்னேட்டர் தேவை. முன்பக்க டிஸ்க் பிரேக் பிற்கால மாடல்களின் பாகங்களால் சாத்தியம். பிரேக் வேலையில் வெல்டிங், லேத், புதுக் குழாய் அமைப்பு என்று வரும் பகுதியை அனுபவமுள்ள பட்டறையிடம் விட வேண்டும். வீட்டில் செய்யலாம் என்பதற்காக எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடக் கூடாது.

திரும்பவும் தெரியவும்

ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தால் பலரும் ஸ்டீயரிங் பெட்டியின் ஸ்க்ரூவை இறுக்குகிறார்கள். தேய்மானம் பெரும்பாலும் பெல் கிராங்கிலும் டை ராட் முனைகளிலும் கிங் பின்னிலும் இருக்கும். ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைக்க, இன்னொருவர் அடியிலிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தால் எது அசையாமல் தாமதிக்கிறது என்று தெரிந்துவிடும். முன்சக்கரங்களின் டோ இன் அளவை டேப்பால் வீட்டிலேயே பார்க்கலாம்: முன்பக்கம் பின்பக்கத்தைவிட 1 முதல் 2.5 மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் சிஜே வகைக்குச் சரி. குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரம் துடிதுடித்தால் கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஷிம் வைத்துச் சரிசெய்யாமல் தப்பிக்க முடியாது.

வெளிச்சத்துக்குப் புது விளக்கு வாங்கும் முன் பழைய விளக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பல்புக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. பல்பில் 10 சதவீத வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. அந்த மின்சாரம் பழைய ஸ்விட்ச், மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த் என்று சுற்றி வருவதுதான் காரணம். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரும் ஒரு ரிலேயும் ஃபியூஸும் போட்டால் அதே பல்பு வேறு விளக்காகிவிடும். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே நல்ல எர்த் பட்டை போடுங்கள். கூரை விளக்குகள் மூடுபனியில் உதவாது. பனியில் பட்டு வெளிச்சம் ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பும். பனியில் தேவை தாழ்ந்து விழும் ஒளி.

இழுவையின் நெளிவுசுளிவு

பழைய ஜீப்பின் ஃபோர் வீலில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் போக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலைக் கொண்டை ஊசி வளைவில் வழுக்காது, ஷாஃப்ட்டும் யூ ஜாயின்ட்டும் முறுக்கிக்கொள்ளும். அதனால் தார்ச்சாலையில் ஃபோர் வீல் வேண்டாம். பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோ கியர் விழாது. முன்சக்கரத்தில் ஃப்ரீ வீல் ஹப் இருந்து அதைக் கழற்றிவிட்டிருந்தால், முன் ஆக்சில் முறுக்காமல் லோ கியரின் மெதுவான இறக்கம் கிடைக்கும். அப்போது முழு விசையும் பின் ஷாஃப்ட்டில் மட்டும் போவதால், அதை வைத்துப் பாரம் இழுக்கக் கூடாது.

இப்போது டயருக்கு வரலாம். 6.00-16 டயரின் விட்டம் சுமார் 28.5 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால் ஒரு சுற்றில் ஏறக்குறைய 9 சதவீதம் அதிக தூரம் போகும். ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், ஒவ்வொரு கியரும் நீளமாகி இன்ஜின் பிடிப்பு இறக்கத்தில் குறையும், அதே வண்டியை நிறுத்த பிரேக்குக்கு 9 சதவீதம் அதிக பலம் வேண்டும். கம்பனி அளவிலேயே ஆழமான பொத்தான் கொண்ட நல்ல டயர் தோட்டப் பாதைக்குப் போதும். ஸ்பிரிங் பட்டை கூட்டி வண்டியைத் தூக்குவதும் இதே ரகம்: எடை மையம் மேலேறும், ஷாஃப்ட்டின் கோணம் கெடும், பிரேக் ஹோஸ் இழுபடும்.

1,500 மீட்டரில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அடர்த்தி குறைந்தது. கார்புரேட்டர் வண்டி அங்கே பெட்ரோலை அதிகம் குடிக்கும். டர்போ இல்லாத டீசல் வண்டி கரும்புகை விடும். வண்டி எந்த ஊரில் அதிகம் ஓடுகிறதோ அந்த ஊர்க் காற்றுக்கு டியூன் செய்யச் சொல்லுங்கள். டீசல் பம்பையும் நாசிலையும் பம்ப் பட்டறையில் உரிய காலத்தில் சோதிப்பது அந்த மலையின் காற்றுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை. கழற்றிய பழைய ஆயிலைத் துருவுக்கு மருந்தென்று சேஸிஸில் பூசும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். மழையில் வழிந்து காபிச் செடியின் வேருக்கும் கீழ் ஊரின் ஊற்றுக்கும் போகும். சட்டப்படியும் அது அபாயகரக் கழிவு. கேனில் சேர்த்து உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். துருவுக்கு வழி, சேஸிஸ் உட்பகுதியில் அடைத்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவி, முழுக்கக் காயவைத்து, கம்பி பிரஷ் போட்டு, பிரைமரும் பெயின்ட்டும் பூசுவது.

மலை நாட்காட்டி

மே: மழைக்கு முன். பிரேக் ஆயில், ஹோஸ், வைப்பர், விளக்கு ஒயரிங், ரேடியேட்டர் தண்ணீர்க் குழாய்கள்.

ஜூன் முதல் செப்டம்பர்: சேற்றுக்குப் பின் கிரீஸ். பிரீதர், ஆக்சில் ஆயில் நிறம், சேஸிஸ் மண்.

அக்டோபர்: ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும் அன்றே அடியிலும் பாருங்கள். ஸ்பிரிங் பட்டையில் விரிசல், யூ போல்ட் இறுக்கம், கிளட்ச். சந்தனம் வைக்கும் முன் இவை முடிந்திருக்க வேண்டும்.

நவம்பர் முதல் பிப்ரவரி: காபிப் பழப் பறிப்பு. மூட்டை ஏறும் மாதங்கள். பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்டும் டயர் காற்றும் வாராவாரம்.

மார்ச், ஏப்ரல்: ஓய்வு. பெரிய வேலை, பெயின்ட், மேம்பாடு எல்லாம் இப்போது.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடிப்படை விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. முன்பக்க இரும்புக் கம்பிகளை அகற்ற மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோதலில் அவை பாதசாரிக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. இன்ஜின் வகை, எரிபொருள், பாடி அமைப்பு எதை மாற்ற நினைத்தாலும் வேலை தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கலாம். காருக்கான மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆக உயர்ந்தது. 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் ‘விண்டேஜ்’ பதிவு வந்தது. அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினமும் மூட்டை ஏற்றும் ஜீப்புக்கு அது ஆகாது.

நம் கைக்கெட்டும் திறமை

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரியும் ரிக் வண்டியும் கட்டும் வட்டாரம் பக்கத்திலேயே இருக்கிறது. லேத் பட்டறை, ஸ்பிரிங் பட்டை அடிப்பவர், டிரம் கடைபவர், பம்ப் மெக்கானிக் எல்லோரும் ஒரு நாள் பயணத்துக்குள். கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் பிரேக் சிலிண்டர், ஹோஸ், ஸ்டீயரிங் மூட்டு மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள். தேய்ந்த பாகத்தின் விலைச் சலுகை, மலையில் செல்லாது.

பழைய வண்டி காற்றைக் கெடுக்கிறது, கழித்துவிட வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. புகை கக்கும் வண்டியை வைத்துக்கொண்டு பாரம்பரியம் பேசக் கூடாது. ஆனால் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் தோட்டத்துக்குள் ஓடும், நன்கு டியூன் செய்த ஒரு ஜீப்பை உருக்கிவிட்டு அதன் இடத்தில் ஒரு புது வண்டியைத் தயாரிப்பதற்கும் இரும்பும் மின்சாரமும் வேண்டும். அதோடு, ஒரு எந்திரத்தைத் திறந்து பார்த்து, காரணம் கண்டுபிடித்து, கையால் சரிசெய்யும் அறிவு அந்த வீட்டில் வளர்கிறது. அடுத்த தலைமுறைக்கு வண்டியைவிட அந்த அறிவுதான் பெரிய சொத்து. அதைக் கைமாற்றிக் கொடுக்க இவ்வளவு எளிய எந்திரம் வேறு அதிகம் இல்லை.

எனவே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஜீப் நின்றால், டயர் கடைக்குப் போகும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு வேலை செய்யுங்கள். பிரேக் ஆயில் மாற்றிய தேதியை எழுதிவையுங்கள். தேதி தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். எல்லா ஹோஸ்களையும் வளைத்துப் பாருங்கள். இரண்டு பிரீதர்களையும் கழற்றிக் கழுவுங்கள். ஹெட்லைட் பல்பில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து பாருங்கள். இந்த நான்கும் சரியாக இருக்கும் வண்டிக்குப் புது டயர் போட்டு, பிடித்த நிறத்தில் பெயின்ட் அடித்து, பெருமையாகவே ஓட்டலாம்.